உட்கார வைத்தவள்

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் மரியாதையை மறந்துவிடுகிறார்கள் என்று. நல்ல குடும்பத்துப் பெண்கள் பில் போடுகிற இடத்தில் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். கௌரவமான ஆசாமிகள் கேஷியரை வாடா போடா என்பார்கள். உஸ்மான் ரோட்டில் அந்த நாலு மாடிக் கடையின் இரண்டாவது மாடியில் மட்டும் அப்படி எதுவும் நடக்காது. அங்கே சூப்பர்வைசர் அன்புக்கரசி.

அவள் யாரையும் அதட்டியதே கிடையாது. கத்துகிற ஆளிடம் நேராகப் போவாள். "வாங்க சார், உக்காருங்க, தண்ணி சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடுவாள். உட்கார்ந்தவர் கையில் ஒரு சிவப்பு டோக்கனை வைப்பாள். வட்டத் தகடு, நடுவில் ஓர் எண். அவ்வளவுதான், ஆள் அடங்கிவிடுவார். இந்த வித்தை மேனேஜர் வாஜித் பாயுடையது. ராயப்பேட்டைக்காரர், தாத்தா காலத்திலிருந்து துணி வியாபாரக் குடும்பம்.

"நிக்கிற ஆளு கத்தும் அன்பு. உக்காந்த ஆளு கத்தாது. அதுவும் கையில ஒரு டோக்கன் இருந்துட்டா போதும், நம்ம நம்பர் வரும், வரும்னு பாத்துக்கிட்டே இருக்கும்" என்பார் வாஜித் பாய்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

இத்தனை பேரை உட்கார வைத்தவள் கடையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கடைப் பணியாளர்களுக்கும் இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் வந்து சேர்ந்தது. முதலாளி மேலே கேமராவில் பார்க்கிறார் என்று தெரிந்தும் அதில் உட்கார யாருக்குத் தைரியம் வரும்? காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே பழகிய கால்கள் அவளுக்கு. வீட்டுக்குப் போனால் மகள் மணிமொழி தைலம் தேய்த்துவிடுவாள்.

கடையில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஷட்டர் தூக்குவதற்கு முன்னால், லீடர்ஷிப் கிளாஸ் என்று ஒன்று நடக்கும். கோட்டு போட்ட ஒருவர் வருவார். ஏசி போடுவதற்கு முன்பே வந்துவிடுவதால் வேர்த்து வழிந்துகொண்டே பேசுவார். ஒரு நல்ல தலைவன் வாசலில் நிற்பான், வராமல் போன கஸ்டமரைத் தேடிப் போவான், சண்டை போடாமல் காரியத்தை முடிப்பான் என்பார். விற்பனைப் பெண்கள் எல்லாம் கொட்டாவி விடுவார்கள். அன்புக்கரசி மட்டும் வாய் பிளந்து கேட்பாள். அவள் பத்தாவதோடு படிப்பை விட்டவள். தலைவன், தலைவி என்று ஒருவர் தன்னைப் பார்த்துப் பேசுவது அதுவே முதல் தடவை.

அவள் வீடு அடையாற்றின் கரையில், பூவரசந்தோட்டத்தில் இருந்தது. தோட்டம் என்பது பெயரில்தான். தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட வீடுகள், நடுவில் ஒரு குழாயடி, கரை மேட்டில் எட்டாம் வகுப்பு வரை ஓர் அரசுப் பள்ளி. புருஷன் சுப்புராயன் பெயிண்டர். வேலை இருந்தால் பேசுவான், இல்லாவிட்டால் பேசமாட்டான். மணிமொழி அந்தப் பள்ளியில்தான் ஆறாவது படித்தாள்.

பள்ளியோ மூச்சை விடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. கையில் நாலு காசு புரண்டவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பாதிப் பிள்ளைகள் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பக்கத்துப் பள்ளி என்பது பெரிய சாலையைத் தாண்டி இருந்தது. அந்தச் சாலையை நம்பி எந்தத் தாய் பெண்பிள்ளையை அனுப்புவாள்?

அந்த வருஷம்தான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் பெரிதாக ஒன்றுமில்லை. கடைக்குப் போகிற அவசரத்தில் யூனிஃபார்ம் புடவையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அன்புக்கரசி வந்து நின்றாள். மற்ற தாய்மார்கள் அவளைப் பார்த்தார்கள். "நீயே இரு, நீதான் ஆபீசரு மாதிரி கீறே" என்று சொல்லிவிட்டுக் கலைந்துபோனார்கள்.

மறுநாள் காலையிலேயே அன்புக்கரசி பள்ளி வாசலில் நின்றாள். கடை திறக்கப் பத்து மணியாகும், அதற்கு முன் நேரம் இருந்தது. வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கூப்பி, "வாங்க, வாங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து மாய்ந்துபோயின. மணிமொழி வெட்கம் தாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினாள்.

அந்தப் பக்கம் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சிமென்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு போன அம்மாசி வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஏமே அன்பு, இன்னா இது? பொடுசுங்கள வாங்க வாங்கன்னு கூப்டுகினு கீறே? பொடவ விக்கப் போறியா?"

"கூப்ட்டாதான் நைனா வரும். நீகூட உன் பேத்திய அனுப்பு."

"அது எங்க வருது. வூட்ல சோறாக்கி வெக்க ஆளு வோணாவா?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாசியைத் தெரியாதவர்கள் பூவரசந்தோட்டத்தில் யாரும் இல்லை. அவர் பேசினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். கத்தினால் பாலத்தில் போகிற பஸ்ஸுக்கே கேட்கும் என்பார்கள். வீடுகளை இடிக்க இரண்டு தடவை பொக்லைன் வந்திருக்கிறது. இரண்டு தடவையும் அவர் போட்ட கூச்சலில்தான் பெண்கள் கையில் கிடைத்ததோடு ஓடிவந்து இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மகனும் மருமகளும் ஆளுக்கொரு திக்காகப் போய்விட்டதால் பேத்தியை வளர்க்கிற பொறுப்பு அவர் தலையில். செத்துப்போன மனைவியின் பெயரையே பேத்திக்கும் வைத்திருந்தார், தேவானை என்று.

வராமல் போன கஸ்டமரைத் தேடிப் போகவேண்டும் என்று கோட்டுக்காரர் சொன்னாரே, அன்புக்கரசி அதையும் செய்தாள். வார விடுமுறை அன்று வீடு வீடாகப் போனாள். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டாள். "எங்ககிட்ட இன்னா புடிக்கல, சொல்லு" என்று கேட்பாள். கடைப்பேச்சுத்தான், ஆனால் பிள்ளைகள் பதில் சொல்லின. பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றது ஒன்று. கணக்கு டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, "ஏய் பச்சை ரிப்பன்" என்கிறார் என்றது இன்னொன்று. அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்தது. கணக்கு டீச்சர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தேவானைக்குக் காரணம் வேறு. எட்டாம் வகுப்பில் இருக்கவேண்டிய பெண் அவள். தாத்தாவுக்கு மதியம் சுடுசோறு வேண்டும் என்று வீட்டிலேயே நின்றுவிட்டிருந்தாள். அன்புக்கரசி அம்மாசியைக் குழாயடியில் எல்லோருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டாள். "உனக்குச் சுடுசோறு வோணும்னா எங்க வூட்ல வந்து துன்னு நைனா. பொண்ண இஸ்கூலுக்கு அனுப்பு" என்றாள். அம்மாசி முதலில் கத்தினார், பிறகு சிரித்தார், மறுநாள் மீன்பாடி வண்டியிலேயே பேத்தியை உட்கார வைத்து பள்ளி வாசலில் கொண்டுவந்து இறக்கினார். "வாங்க தேவானை" என்று அன்புக்கரசி கை கூப்பியபோது அந்தப் பெண்ணும் கை கூப்பியது. அம்மாசி தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிமென்ட் தூசி என்றார்.

தலைமையாசிரியை சூடாமணி டீச்சர் மயிலாப்பூர்க்காரர், இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. "எத்தனையோ மீட்டிங் போய் உக்காந்துண்டு எழுதிண்டு வந்திருக்கேன் அன்பு. வாசல்ல நின்னு வாங்கோன்னு கூப்பிடணும்னு ஒருத்தருக்கும் தோணலையே" என்றார். பிள்ளைகள் கூடின. மூடுகிற பேச்சு நின்றது. ஒன்பதாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று மேலே இருந்தே சொன்னார்கள். மணிமொழி பத்தாவது வரை பெரிய சாலையைத் தாண்டாமல் படிப்பாள் என்று அன்புக்கரசி ஆசைப்பட்டாள். ஒரு தாயின் ஆசை அதைவிடச் சின்னதாக இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் ஆற்றோரக் கணக்கெடுப்பு வந்தது.

வீட்டுக்கு வீடு கைரேகையும் போட்டோவும் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். எதற்கு என்று கேட்டால் பொதுவாக ஏதோ சொன்னார்கள். குழாயடியில் அம்மாசி பொங்கிவிட்டார்.

"ரேகை வெச்சா வூடு போச்சு, அவ்ளோதான். எங்க நைனா காலத்துலருந்து பாத்துகினு கீறேன். ஒருத்தனும் வெக்காதீங்க. வரட்டும், நான் பேசிக்கிறேன்."

அன்புக்கரசிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கத்திக் கத்தித்தான் நம்மை ஒரு பயலும் மதிப்பதில்லை என்று அவளுக்கு மனதில் ஒரு குறை எப்போதும் உண்டு. தவிர, அவள் ஒன்றைக் கண்ணால் பார்த்திருந்தாள். கடையில் குழந்தைகள் துணிக்கு முதலில் ஒரு மூலைதான் இருந்தது. தினமும் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று எண்ணி எண்ணி மேலே காட்டினாள். முதலாளி அரை மாடியை ஒதுக்கினார். கூட்டம் காட்டுகிற செக்ஷனுக்கு இடம் பெரிதாகும். எண்ணிக்கை காட்டாத செக்ஷனைத்தான் எடுப்பார்கள். கடையில் அதுதான் சட்டம். அரசாங்கமும் ஒரு பெரிய கடைதானே என்று அவள் நினைத்தாள்.

"நம்மள எண்ணட்டும் நைனா. இத்தினி குடும்பம், இத்தினி புள்ளைங்கன்னு தெரிஞ்சாதான் இஸ்கூலு நிக்கும். எண்ணாத ஊரத்தான் நைட்டோட நைட்டா தூக்குவாங்க" என்றாள்.

பாவி மகள், மனசாரச் சொன்னாள். பெண்கள் தலையாட்டினார்கள். தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தவள், தேவானையைப் பள்ளிக்கு இழுத்தவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கணக்கெடுக்க வந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். அவளை மேடம் என்று கூப்பிட்டார். பன்னிரண்டு வருஷமாக அவள் உலகத்துக்கே மேடம் சொல்லியிருக்கிறாள், அவளை யாரும் சொன்னதில்லை. "எங்க ஸ்கூலுக்கு எதுனா ஆவுமா சார்?" என்று கேட்டாள். "ஸ்கூல்ல யாரும் கை வைக்க மாட்டாங்க மேடம்" என்றார். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும் போலிருக்கிறது.

கணக்கெடுப்பைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். வாஜித் பாயிடம் கேட்டு டோக்கன் டப்பாவை ஒருநாளைக்கு இரவல் வாங்கி வந்தாள். நாற்காலி வரிசை, குடிக்கத் தண்ணீர், வயசானவர்களுக்கு ஃபேன் அடியில் இடம். பூவரசந்தோட்டம் தன் வாழ்நாளில் அப்படி வரிசையாக உட்கார்ந்ததில்லை.

பதினோரு மணி வாக்கில் அம்மாசி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார்.

"எழுந்திருங்கடா! இன்னா, பந்திக்கு குந்தின மாரி குந்திகினு கீறீங்க? எழுந்து வெளிய வாங்க!"

நாற்காலிகளில் ஒரு சலசலப்பு ஓடியது. இரண்டு மூன்று பேர் எழுந்தே விட்டார்கள். அதிகாரியின் முகம் சுருங்கியது. அன்புக்கரசி வாசலுக்கு ஓடினாள். அவள் கால்களுக்கு அந்த ஓட்டம் பழக்கம். அம்மாசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா நைனா, உக்காரு. வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறே. மொதல்ல தண்ணி குடி. நான் கீறேன் இல்ல? எம்மேல நம்பிக்கை இல்லியா?"

அவர் அவளைப் பார்த்தார். பேத்தியைப் பள்ளியில் சேர்த்த கை அது. கடைக்குக் கிளம்பும் முன் அவருக்கும் மதியச் சோறு ஆக்கி வைக்கிற கை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, ஃபேன் அடியில் உட்கார்ந்தார். அவள் அவர் உள்ளங்கையில் ஒரு சிவப்பு டோக்கனை வைத்து மூடினாள். எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். அவர் எண் வந்தபோது அவரே போய் ரேகை வைத்தார்.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. இப்படி ஒரு அமைதியான கணக்கெடுப்பை நாங்கள் பார்த்ததே இல்லை என்று அதிகாரிகள் அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விஷயம் கடைக்கும் போயிற்று. கோட்டுக்காரர் அடுத்த செவ்வாய்க்கிழமை அவளை முன்னால் கூப்பிட்டு, கடையில் கற்றதை ஊருக்குக் கொடுத்த தலைவி என்றார். முதலாளி சால்வை போட்டார். வாஜித் பாய் பின்வரிசையில் நின்று கைதட்டினார்.

பொங்கல் கழிந்த வாரம் பள்ளிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பூவரசந்தோட்டத்துக் குடும்பங்கள் அனைத்துக்கும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், ஒரு மாசத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அன்புக்கரசி அதை நின்று படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு சூடாமணி டீச்சரை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள். மேடம் என்று சொன்ன அதிகாரி மாறிப் போயிருந்தார். புதியவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"முழுப் பரீட்சை வரைக்குமாவது விடுங்கோ சார். நடுவுல தூக்கினா குழந்தைகள் படிப்பு போயிடும், பள்ளிக்கூடமே போயிடும்" என்றார் டீச்சர்.

"உங்க ஏரியா சர்வே மாதிரி வேற எங்கயுமே நடக்கலை டீச்சர். ஒரு ஆட்சேபணை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. அதனாலதான் உங்களுக்கு முதல்ல வீடு ஒதுக்கியிருக்கோம். இப்ப வந்து வேண்டாம்னா எப்படி?"

வெளியே வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்த கிளார்க் தாழ்ந்த குரலில் சொன்னார். "அன்னிக்கு ஒரு கலாட்டா நடந்திருந்தா ஃபைல் தானா கெடப்புல போயிருக்கும்மா. பக்கத்துக் குப்பத்துல கல்லைத் தூக்கிட்டாங்க. அந்த ஃபைல் இன்னும் நகரலை."

பஸ்ஸில் டீச்சர் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். அன்புக்கரசி காதில் ஒன்றும் விழவில்லை. வாசலில் ஓடிப்போய்ப் பிடித்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. எழுந்த இரண்டு மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களை எழவிட்டிருந்தால் போதுமே, வேறு ஒன்றும் செய்திருக்க வேண்டாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

சாயங்காலம் குழாயடியில் கூட்டம் கூட்டினாள். கத்தலாம், ரோட்டில் உட்காரலாம், பொக்லைன் வந்தால் முன்னால் நிற்கலாம் என்றாள். எல்லோருடைய கையிலும் புது வீட்டு எண் எழுதிய சீட்டு இருந்தது. அது போய்விடுமோ என்ற பயம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

"நைனா, நீ சொல்லு. நீ கூப்ட்டா வருவாங்க" என்று அம்மாசியிடம் போய் நின்றாள்.

"எத்த சொல்லிக் கத்தறது கண்ணு? ரேகைய நானேதான வெச்சேன்?" என்றார் அவர். அதில் கோபமே இல்லை. ஒரு அறை அறைந்திருந்தால்கூட அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

லாரிகள் வந்த அன்று காலை பூவரசந்தோட்டம் சந்தைபோலக் கிடந்தது. ஒருவர் பீரோ மேல் இன்னொருவர் கட்டிலை ஏற்ற, சண்டை வந்தது. ஒரு கிழவியின் சாமான் மூட்டை அவிழ்ந்து பாத்திரமெல்லாம் ஆற்றுப் பக்கம் உருண்டது. பின்னால் வந்த லாரிச் சக்கரத்துக்கும் ஒரு குழந்தைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அன்புக்கரசி அந்தக் குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதிகாரிகள் அவளைப் பார்த்தார்கள். ஊரும் அவளைத்தான் பார்த்தது.

அவள் கடைக்கு ஆள் அனுப்பி டோக்கன் டப்பாவை வரவழைத்தாள். வேறு என்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தெரு வாரியாகப் பிரித்தாள், வயசானவர்களை முதல் லாரியில் ஏற்றினாள். பிறகு யாரும் யாரையும் இடிக்கவில்லை. தன் ஊரைத் தன் கையாலேயே வரிசை வைத்து லாரியில் ஏற்றினாள் அன்புக்கரசி. அழுதுகொண்டேதான் செய்தாள், ஆனால் ஒரு தவறும் இல்லாமல் செய்தாள்.

அம்மாசி மீன்பாடி வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் அதை ஓட்டிக்கொண்டு போக முடியாது, லாரிக்காரரோ வண்டிக்கு இடமில்லை என்றார்.

"ரெண்டாவது ட்ரிப்புல ஏத்திகிறோம்னு சொல்றாங்க நைனா. நீ பொண்ண இட்டுகினு மொதல்ல போ. வண்டிக்குத் தனியா ஒரு டோக்கன் தரேன், பத்திரமா வெச்சிக்கோ."

அவர் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் போட்டு பட்டனையும் மாட்டினார். இந்தத் தடவை அவர் கத்தினால் நன்றாக இருக்கும் என்று அவள் நெஞ்சு கெஞ்சியது. லாரி கிளம்பும்வரை அவர் வாய் திறக்கவில்லை. தேவானை மட்டும் பள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள்.

இரண்டாவது ட்ரிப் வரவே இல்லை. மறுநாள் இடித்த இடத்தில் அள்ளிய குப்பையோடு வண்டியும் போய்விட்டது. அவள் அங்கே இங்கே அலைந்து விசாரித்ததற்கு, பழைய இரும்பாகப் போயிருக்கும் என்றார்கள்.

அவளுக்கும் அந்த அடுக்குமாடியில்தான் வீடு. விடியும் முன் எழுந்து மணிமொழியையும் எழுப்பி, இரண்டு பஸ் மாறி, பழைய பள்ளிக்கே கூட்டி வந்தாள். பள்ளியில் யாரும் கை வைக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். சுற்றிலும் வெறும் மண், நடுவில் பள்ளி. அவள் வழக்கம்போல வாசலில் நின்றாள். மணிமொழியைத் தவிர நாலைந்து பிள்ளைகள், பெரிய சாலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். பங்குனி வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுக் கடைக்குப் போவாள்.

"இன்னும் கொஞ்சம் குழந்தைகள் வந்தா ஜூன்ல மூடாம இருக்கச் சொல்லிப் பாக்கலாம் அன்பு. வந்துண்டிருந்த குழந்தைகள்தானே" என்றார் சூடாமணி டீச்சர். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஆனாலும் வார விடுமுறை அன்று அன்புக்கரசி பிளாக் பிளாக்காக ஏறி இறங்கினாள். பூவரசந்தோட்டத்தில் ஒரே வரிசையில் இருந்தவர்களைக் குலுக்கிப் போட்டு, எங்கெங்கோ பிரித்து வைத்திருந்தார்கள். பஸ் காசுக்கு எங்கே போவது என்றார்கள் சிலர். இங்கே பக்கத்தில் சேர்த்துவிட்டோம் என்றார்கள் சிலர். சேர்க்கவே இல்லை என்று ஒன்றிரண்டு வீடுகளில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாப்பிட்டுட்டுப் போ என்றார்கள்.

அம்மாசியின் வீடு ஆறாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தது தேவானை. கையில் மாவு ஒட்டியிருந்தது. கீழே இட்லிக் கடைக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறாளாம்.

"பரீட்சைக்கு வா கண்ணு. நான் இட்டுகினு போறேன், நான் இட்டுகினு வரேன்" என்றாள் அன்புக்கரசி.

"தாத்தாக்கு வண்டி இல்லியே அத்தே. வண்டி வந்துட்டா அது வேலைக்குப் போவும். அப்பால நான் இஸ்கூலுக்கு வரேன்" என்றாள் அந்தப் பெண், மிகவும் சாதாரணமாக.

அம்மாசி படிக்கட்டு ஓரம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் லாரி வருகிற சாலை தெரியும். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சட்டைப் பையின் பட்டனைக் கழற்றி, சிவப்பு டோக்கனை எடுத்து அவளிடம் நீட்டிக் காட்டினார்.

"நீ சொன்ன மாரி பத்திரமா வெச்சிகினு கீறேன் அன்பு. ஆரையும் கேக்கல, ஆருகிட்டயும் கத்தல. என் நம்பர் இன்னும் கூப்புடலியே?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வண்டி போய்விட்டது நைனா, எழுந்திரு, அந்தக் குரலை எடு, இந்தக் கட்டடமே கிடுகிடுக்கக் கத்து, என்னைத் திட்டியாவது கத்து என்று சொல்ல நினைத்தாள். தொண்டையிலிருந்து வந்தது கடைக்குரல். எத்தனையோ தீபாவளிக்கு எத்தனையோ பேரிடம் சொன்ன அதே குரல், அதே மரியாதை.

"உக்காருங்க. இப்பக் கூப்பிட்டுருவாங்க."

அம்மாசி சரி என்று தலையாட்டினார். டோக்கனைப் பையில் போட்டு மறுபடி பட்டனை மாட்டிக்கொண்டார். அவர் நம்பினார். அதை அவளால் தாங்க முடியவில்லை. நின்றே பழகிய கால்கள் மடங்க, அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.